நீ என்னிடம் சொன்ன நாள்

அன்பு மகளே,

காலையிலிருந்து இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அப்பா நலம். ஆனையூரில் மழையே இல்லை.

கல்லூரி விசாரணைக் குழுவின் கடிதம் நேற்று வீட்டுக்கு வந்தது. உன் பெயருக்கு வந்ததைப் பிரித்துவிட்டேன். உன் ஆராய்ச்சி கைடு மேல் தப்பு இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நஷ்டஈட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். காரணம், நடந்ததை அப்போதே நீ யாரிடமும் சொல்லவில்லையாம். அப்படி நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

"பாதியாச்சும் குடுக்குறாய்ங்கள்ல, வாங்கிக்கிட்டு விட்ரச் சொல்லு" என்கிறார் அப்பா. நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரே தாளுக்கு இரண்டு முறை மார்க் போட்டிருக்கிறேன்.

அது நடந்த டிசம்பரில், அன்றைக்கே, அடுப்படியில் நின்றபடி நீ என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாய். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. "அவரப் பகைச்சுக்கிட்டா மூணு வருச ஆராய்ச்சியும் போயிரும் பாப்பா" என்று சொல்லி, கிறிஸ்துமஸ் கேக்கோடு உன்னை அவர் வீட்டுக்கே கூட்டிப்போனேன். உன் தலையில் கைவைத்து அவர் ஆசீர்வதித்தார். நான் நன்றி சொன்னேன்.

யாரிடமும் சொல்லவில்லை என்று யாரைக் காப்பாற்ற எழுதிக் கொடுத்தாய் என்று நான் கேட்கமாட்டேன்.

நாளை பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறேன். என் மகள் அன்றைக்கே என்னிடம் சொன்னாள் என்று குழுவின் முன்னால் சொல்லப்போகிறேன். கேக் கொண்டுபோனதையும் சொல்வேன். இந்தக் கடிதம் சென்னைக்கு வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்திருப்பேன். அதனால்தான் போன் செய்யவில்லை.

அன்று நீ சொன்னதை நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று இப்போது நீ சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

உன்
அம்மா