பெட்டியில் கேட்ட இரைச்சல்

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் பேத்தியும் நலம். உங்கள் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம். போனில் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என்னோடு தங்கிப் படிக்கிற நம் பேத்தி, பிஸ்கட் டப்பாவுக்குள் பேட்டரி ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருக்கிறாள். நான் சமைக்கிற விடுதியில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டேன். என் போனை ஒயரால் அதில் மாட்டி, நீங்கள் பேசி அனுப்பியதைப் போட்டால் ‘ர்ர்ர்’ என்று இரைச்சல், நடுநடுவே இழுப்பு மாதிரி ஒரு சத்தம்.

"தாத்தாவுக்கு இழுப்பாடி?"

"ஐயோ பாட்டி, பெட்டியிலதான் கோளாறு. தாத்தா மேல பழி போடாதீங்க."

மூன்று நாள் ஒயர்களைப் பற்றவைத்தும் இரைச்சல் போகவில்லை. எனக்குச் சார்ஜர் மேல் சந்தேகம். பேட்டரியும் போனும் ஒரே பிளக்குப் பலகையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. பேட்டரி சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் அப்படியே அடங்கியது.

"ரெண்டு சார்ஜரோட எர்த்தும் போன்லேருந்து வர்ற பாட்டு ஒயரோட சேர்ந்து வட்டமாயிருக்கு, அதான் இரைச்சல்! எப்படிப் பாட்டி கண்டுபிடிச்சீங்க?"

"உங்க தாத்தாவோட நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு இது பெருசா?"

உங்கள் பேச்சைத் திரும்பப் போட்டோம். இரைச்சல் துளியும் இல்லை. இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. பேத்தி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி சிகரெட்டைத் தொட்டீர்களா? நாளைக்கே டாக்டரிடம் போங்கள். போனேன் என்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டேன். டாக்டரே இரண்டு வார்த்தை பேசி அனுப்பட்டும். பிறகு நீங்களும் கொஞ்சம் நீளமாகப் பேசுங்கள். நடுவில் நம் வீட்டு மிக்சி ஓடினாலும் பரவாயில்லை.

அடுப்பில் பால் பொங்குகிறது, எழுந்து போகிறேன். இனி இந்தப் பெட்டியிடம் எதையும் மறைக்க முடியாது.

உங்கள் வீட்டுக்காரி