இரண்டாவது சாட்சி

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
ஏப்ரல் 13, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

செழியன் வணக்கம். நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மாத்திரை, ஊருக்கு வரும் மகாதேவன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

சித்தப்பாவின் வீடு விஷயமாக உங்களுக்கு வந்த வக்கீல் நோட்டீஸைப் பற்றிப் போனில் நான் கேட்டதற்கு, சட்டம் சொல்கிறபடி ஆகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன்.

இங்கே உயிலில் எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். வேலுமணி சித்தப்பாவின் உயிலில் அவர் கையெழுத்து இருக்கிறது, என்னுடையது இருக்கிறது. இரண்டாவது சாட்சியின் இடம் காலி. அதனால் உயில்களைப் பதியும் கோர்ட் ஆபீஸில் வாங்க மறுத்துவிட்டார்கள். உயில் செல்லாது என்று ஆனால் வீடு ஒரே அண்ணனான உங்களுக்கு வரும். பத்து வருஷம் அவரோடு அங்கே குடும்பம் நடத்திய, உயிலில் அவர் வீட்டை எழுதிவைத்த ஜூடித் சித்தி வெளியே போக வேண்டும். ஆமாம், சித்தி என்றுதான் எழுதுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆனால் முறையில் குறை இருந்தாலும், இது அவர் மனசார எழுதிய உயில்தான், முறைப்படி முடிக்கத்தான் பார்த்தார் என்று தெளிவாக நிரூபித்தால் நீதிபதி ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. அடுத்த மாதம் கோர்ட்டில் நான் சாட்சி சொல்கிறேன். சொல்லப்போவதை முதலில் நீங்கள் கேளுங்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் டைப் செய்து கொண்டுபோன உயிலைச் சித்தப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்து, வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்து நான். பக்கத்துத் தெரு ராமசுப்ரமணியன் அங்கிள் பேனா மூடியைத் திறந்தார். சித்தப்பா மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாலரை ஆகிவிட்டது, ராகு காலம், ஆறு மணிக்கு மேல் போடலாம் என்றார்.

பொள்ளாச்சி ராகு காலம் இங்கே எப்படிப் பொருந்தும், சூரியனே வேறு நேரத்தில் உதிக்கிறதே என்று நான் கத்தினேன். அதை உங்கப்பாவிடம் கேள், அண்ணனுக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார் என்று சிரித்தார். பேசவே பேசாத அண்ணனுக்கு இத்தனை பயமா என்று சித்தி அடுப்படியிலிருந்து குத்தினார். அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. ரோடு மூடிவிடும், அடுத்த ஞாயிறு காலையிலேயே வந்து போடுகிறேன் என்று அங்கிள் கிளம்பிவிட்டார். வியாழக்கிழமை வாசலில் பனி அள்ளும்போது சரிந்து விழுந்த சித்தப்பா எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணத்தைப் பதிவு செய்யாததும் இதே கதைதான். வேறு மதத்துப் பெண் என்று நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பதியலாம் என்று கடைசிவரை தள்ளிக்கொண்டே இருந்தார். தம்பி நம்மை விட்டுப் போய்விட்டான் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்கிறீர்கள். அவர் எங்கே போனார், அப்பா?

சித்தியின் வக்கீலம்மா என் சாட்சி எடுபடும் என்கிறார். உயில் தோற்றால் வீடு உங்களுக்கு, உங்களுக்குப் பிறகு எனக்கு. எனக்கு எதிராக நானே பேசுகிறேன் அல்லவா? நீங்களும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்தால் ரொம்பப் பலம். அதற்கு ஒரு தாள் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதை அனுப்பவே வேண்டாம் என்றார் சித்தி. அவர் அண்ணனுக்கு இஷ்டமில்லாமல் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று பெட்டி கட்டிவிட்டார். சித்தப்பாவின் சட்டைகளை மட்டும் தேய்த்து அலமாரியிலேயே வைத்திருக்கிறார். அவை அண்ணனுக்குச் சேர வேண்டியதாம்.

எனக்கு நயமாகக் கேட்கத் தெரியாது. கையெழுத்துப் போட நல்ல நாள் பாருங்கள், நேரம் பாருங்கள், இந்தத் தடவை நான் கத்த மாட்டேன். நாளை வருஷப் பிறப்பு. இங்கிருந்தே உங்கள் இருவர் காலிலும் விழுகிறேன். ராகு காலம் வருவதற்குள் போட்டுவிடுங்கள் அப்பா.

உங்கள் மகன்,
நெடுஞ்செழியன்