பச்சைத் தகரச் சாய்ப்பு

மாப்ளே,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. 'இ' எழுதும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கை இன்னொரு சுற்று சுற்றிவிடுகிறது. ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆகிறது. ஆனாலும் எழுதுகிறேன் பார், நான்! இதைப் பார்க்க நீ இல்லையே என்பது ஒன்றுதான் குறை.

உன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே உன் மகள் கோமதி பிரஷ்களை ஏதோ தைலத்தில் அலசி வைத்திருக்கிறாள். டர்பன்டைன் என்று அதற்குப் பெயர் சொல்கிறாள். எனக்கு அது மண்ணெண்ணெய் வாசனையாகத்தான் இருக்கிறது. ஷிப்டு முடிந்ததும் மில் குழாயடியில் நின்று, கிரீஸ் போக நீ மண்ணெண்ணெயில் கை கழுவுவாயே, அந்த வாசனை. மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. அதனால்தான் நோட்டை எடுத்தேன்.

நமக்குள் பழக்கம் மில்லில் தொடங்கியது. நீ பிட்டர், நான் பஞ்சுப் பொதி பிரிக்கிற இடத்தில். என் தங்கச்சியை நீ கட்டுவதற்கு முன்பே நமக்குள் வா, போதான். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டு மாப்பிள்ளைக்கு மரியாதை கொடு என்று அம்மா எவ்வளவோ திட்டிப் பார்த்தாள். நாக்கு திரும்பவில்லை. பேப்பர் வந்தால் நீ படிப்பாய், நான் கேட்பேன். பஸ்சுக்கு நின்றால் நீ போர்டைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேன். ஒரு நாள் நீ இல்லாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியவன் தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து உனக்கு அதே கேலி.

"மச்சான், நீ போர்டப் பாக்காத. டிரைவர் மீசையப் பாரு. பெரிய மீசைன்னா ஸ்ரீவில்லிபுத்தூரு."

இப்போது பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரம் எனக்குத்தான். கடை போர்டு, சுவர் விளம்பரம், ஒன்றையும் விடுவதில்லை. வாய்விட்டுப் படிப்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இன்னும் வசதி.

கோமதி ஆர்க்கிடெக்சர் படிக்கப் போனபோது நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆயுள் முழுக்க இயந்திரத்துக்குள் தலையை விட்டு வேலை பார்த்தவன் நீ. நீ சரிசெய்த எதையும் வெளியே நின்று ஒருவர் பார்க்க முடியாது. "நாளைக்கு நாம பஸ்ல போகும்போது கையக் காட்டிச் சொல்லுவேன்லா மச்சான், அந்தா நிக்குதே, அது என் மக கட்டினதுன்னு," என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாய். எந்த இடத்தில் கட்டடம் வரும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாய்.

அவள் படித்து முடித்தாள். மதுரையில் ஒரு ஆபீசில் சேர்ந்தாள். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

"அங்க நான் கார் நிறுத்துற எடத்துக்குக் கோடு போட்டுக்கிட்டே இருக்கேன் மாமா. ஒரு நாள்கூட அந்த எடத்த நேர்ல பாத்ததில்ல," என்று என்னிடம் சொன்னாள். உன்னிடமும் அதையேதான் சொன்னாள். உன் காதில் விழவில்லை.

பிறகு அவள் சுற்ற ஆரம்பித்தாள். தனியாக அனுப்ப மாட்டேன் என்று நீ சொன்னதால், மடக்கு ஸ்டூலும் குடையும் தூக்கிக்கொண்டு தாய்மாமன் கூடவே போனேன். வேலையில்லாத கிழவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்குமா? சிநேகிதியிடம் இரவல் வாங்கிய கேமராவில் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பிடித்தாள். எல்லாரும் பிடிப்பது போலவே இருந்தது. அழித்துவிட்டாள். பிறகு மில் சுவரில் விழுகிற வேப்ப மர நிழலைப் பிடித்தாள். மாம்பழ மண்டியில் காலியாகக் கிடந்த கூடைகளைப் பிடித்தாள். ஒரு நாள் கேமராவை மூடிவிட்டு, "இது நான் பாக்கிறதுக்கு முந்தியே பாத்துருது மாமா. பென்சில்தான் என்னைச் செத்த நேரம் நிக்க வைக்குது," என்றாள்.

பென்சிலிலும் சிரமம் இருந்தது. அவள் வரைந்த வீடுகள் எல்லாம் நேற்றுத்தான் கட்டி முடித்தது போல விறைப்பாக நின்றன. எண்பது வருஷத்துச் சுவர்கூடத் தொய்யவில்லை. "கோடு கோணவே மாட்டேங்குது. ஸ்கேல் பிடிச்ச கை," என்று தன் கையைத் தானே அடித்துக்கொள்வாள். இப்போது நான் எழுதுவதைப் பார்த்து, "எப்படி மாமா உங்களுக்கு மட்டும் இப்படி வருது?" என்று பொறாமைப்படுகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மாதங்களில் நீ அவளோடு பேசவில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தபால்காரன் ஆக்கினாய்.

"மச்சான், அவகிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு."

அவள் என் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருப்பாள். "மாமா, அப்பாகிட்டச் சொல்லுங்க, பொறவு சாப்பிடுதேன்னு."

அடுப்படியிலிருந்து என் தங்கச்சி கத்துவாள். "அண்ணே, அந்த ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிருங்க. நான் நிம்மதியா சோறு திங்கேன்."

கடைசியில் நீ ராஜபாளையத்திலேயே ஒரு கட்டட ஆபீசில் அவளுக்கு வேலை பேசி முடித்துவிட்டு வந்தாய். திங்கட்கிழமை சேர வேண்டும் என்று சொன்னாய், அதையும் என்னிடம்தான். கோமதி தலையாட்டினாள். சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, கடைசியா ஒரு தெரு வரைஞ்சிட்டு வந்துருவோம். பொறவு எல்லாத்தையும் பரண்ல தூக்கிப் போட்டுருதேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பரணில் போட்டால் அவள் அதைத் திரும்ப இறக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் என்ன சொல்ல? ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மம்சாபுரத்தில் இறங்கினோம். ஓட்டு வீடுகளும் சின்னக் கடைகளும் கலந்த ஒரு தெரு. நடுவில் ஒரு வீட்டின் முன்னால் வெயில், மழைக்குத் தகரச் சாய்ப்பு இறக்கி, அதற்குக் கிளிப்பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கோமதிக்கு அது பிடித்துப்போயிற்று. எதிரே ஸ்டூலைப் போட்டு, தெருவின் இடது கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக வரைந்துகொண்டு வந்தாள். மேலே நீர் வண்ணம் தொட்டாள். சாய்ப்புவரை வந்திருப்பாள், பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், வீடுகளை அளக்க ஆள் வருவார்கள் என்று அப்போது ஊர் ஊருக்குப் பேச்சாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். பலகையும் தாளும் வைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டு முகப்புகளை வரிசையாக வரைந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஒரு அம்மா செம்பு நிறைய மோர் கொண்டுவந்து கோமதி கையில் கொடுத்தாள். பச்சைச் சாய்ப்புக்காரர் குனிந்து படத்தைப் பார்த்தார்.

"தாயி, என் சாய்ப்ப ஒரு ரெண்டடி உள்ள தள்ளி வரைஞ்சிருங்க. படத்துல கம்மியா இருந்தா இடிக்கும்போதும் கம்மியா இடிப்பாகள்லா."

"அவருக்குத் தள்ளுனா எனக்கும் தள்ளணும்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எதுத்த வரிசைய மொதல்ல வரையச் சொல்லுங்கப்பா. ரோடு அந்தப் பக்கமா போகட்டும்," என்று ஒருவர் யோசனை சொன்னார். எதிர் வரிசைக்காரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள்.

கோமதி எழுந்துவிட்டாள். "அய்யா, நான் ரோட்டு ஆளு இல்ல. சும்மா படம் வரையிதேன்."

"சும்மாவா? எங்க வீட்டப் போயி எவ சும்மா வெயில்ல உக்காந்து வரைவா?"

சத்தம் ஏறியது. இரண்டு பேர் தாளைப் பிடுங்க வந்தார்கள். நான் நடுவில் நின்று குடையை நீட்டிக்கொண்டே போனில் உன் முகம் இருக்கிற இடத்தை அழுத்தினேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று உன் படத்தை அதில் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

நீ உன் மொபெட்டில் வந்தாய். சாய்ப்பு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினாய். யார் இந்தப் பெண் என்று கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாயே, அதை மறக்க முடியுமா?

"என் மக. ஆர்க்கிடெக்ட். அஞ்சு வருசம் படிச்ச படிப்பு. கட்டட இஞ்சினியரு மாதிரி, அதுக்கும் மேல!"

"பாத்தியா, நான் சொல்லல? அளக்கத்தான் வந்திருக்கா!" என்று தெருவே கத்தியது.

நீ திகைத்துப்போய் நின்றாய். உன் பெருமை முழுவதும் அந்த ஒரு பேச்சில்தான் இருந்தது. அதைச் சொன்னால் மகளுக்கு ஆபத்து என்று ஆகிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"இல்லப்பா. ஆபீஸ் வேலைய எல்லாம் விட்டுட்டா. படம் வரையுதா. அம்புட்டுத்தான்."

"படம் வரைஞ்சு என்ன பண்ணப்போறா?"

மாதக்கணக்காக நீ வீட்டில் கேட்ட அதே கேள்வி, மாப்ளே. கேட்டவர் பச்சைச் சாய்ப்புக்காரர். நான் உன்னைப் பார்த்தேன். கோமதியும் உன்னைத்தான் பார்த்தாள். நீ அண்ணாந்து சாய்ப்பைப் பார்த்தாய்.

"ஏய்யா, இந்தத் தகரத்துக்கு எதுக்குப் பச்சை அடிச்சீரு? பச்சை அடிச்சாத்தான் மழை நிக்குமோ?"

கூட்டம் சிரித்தது. அவர் தலையைச் சொறிந்தார். "அது... கண்ணுக்கு நல்லா இருக்கட்டும்னு அடிச்சேன்."

"அவளும் அதுக்குத்தான் வரையுதா. போங்க, போயி வேலையப் பாருங்க."

மோர் கொண்டுவந்த அம்மா செம்பை எடுத்துக்கொண்டு போனாள். பாதி மோரைக் கோமதி குடித்திருந்தாள், அதற்கும் சேர்த்து அந்த அம்மா முணுமுணுத்தாள். அன்று அதற்கு மேல் வரையவில்லை. கோமதி உன் வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் பஸ்ஸில் வந்தேன். உன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளே உன் சத்தம் கேட்டது.

"சாய்ப்பு வரைஞ்சிருக்க, போல்ட்டு எங்க? போல்ட்டு இல்லாம தகரம் எப்படி நிக்கும்?"

"அது நிழல்ல இருக்குப்பா."

"நிழல்ல இருந்தா இல்லாம போயிருமோ?"

"கண்ணுக்குத் தெரியாதுப்பா!"

"எனக்குத் தெரிஞ்சுதுல்லா?"

நானும் என் தங்கச்சியும் வாசலிலேயே நின்றுவிட்டோம். உள்ளே போனால் அந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம். தபால்காரன் வேலை போயிற்று. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

திங்கட்கிழமை காலை நீ தனியாக அந்தக் கட்டட ஆபீசுக்குப் போனாய். அங்கே என்ன பேசினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னுட்டேன்," என்று மட்டும் சொன்னாய். அன்று சாயங்காலம் நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் போனபோது, கட்டடம் வரும் என்று நீ குறித்து வைத்திருந்த இடம் வந்தது. நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. உனக்கு அது சுலபமாக இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழவில்லை. பேப்பர் வந்து வாசலில் அப்படியே கிடந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். டீச்சருக்கு என் பேத்தி வயசு. முதல் நாள் என் பெயரை நானே எழுதியபோது, அதை வீட்டுக்கு எடுத்துப்போய் யாரிடம் காட்டுவது என்று முதலில் நினைத்தது உன்னைத்தான்.

இதுவரை எழுதவே பல சாயங்காலம் ஆகிவிட்டது, இப்போது சேதிக்கு வருகிறேன். ராஜபாளையத்தில் நூலகத்து மாடியில் கோமதியின் படங்களை வைக்கப்போகிறார்கள். போட்டோக்கள் ஒரு சுவர், பென்சில் ஒரு சுவர், பெயிண்டிங் ஒரு சுவர். அதில் மம்சாபுரத்துத் தெருவும் உண்டு. பாதிதான் இருக்கிறது. இடது கோடியிலிருந்து பச்சைச் சாய்ப்புவரை வீடுகள், அதற்குப் பிறகு வெறும் தாள்.

"வா, ஒரு நாள் போயி முடிச்சிட்டு வருவோம். பெயிண்ட் பத்தலன்னு நினைப்பாக," என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன்.

"அப்பா வந்தப்ப பென்சில கீழ வச்சேன் மாமா. அதுக்கு மேல அந்தத் தாள்ல எனக்கு வேலை இல்ல," என்றாள்.

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. இன்று மத்தியானம் கண்ணாடி போட்டு பிரேம் மாட்டிக் கொடுத்தாள். தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சாய்ப்பு முடிகிறது, வெள்ளை ஆரம்பிக்கிறது. நீ வண்டியை நிறுத்திய இடம் அதுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், மாப்ளே. இப்போது யாராவது அந்த வெள்ளையில் வரைய வந்தால் நானே குடையை நீட்டித் தடுப்பேன்.

நாளை காலையில் படங்களை வேனில் ஏற்றுகிறோம். மற்றதெல்லாம் பழைய போர்வையில் சுற்றிப் பின்னால் போகும். அது மட்டும் என் மடியில் வரும், கோமதியிடம் சொல்லிவிட்டேன். சாய்ப்புக்காரருக்கும் சொல்லி அனுப்பினோம். "குடும்பத்தோட வாரேன். சாய்ப்பு முழுசா இருக்குல்லா?" என்று போனில் கேட்டார். முழுசாக இருக்கிறது என்றேன். அவர் வந்து, தன் சாய்ப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற வெள்ளையைக் காட்டி இது என்ன என்று கட்டாயம் கேட்பார். நான்தான் பதில் சொல்வேன். என்ன சொன்னேன், அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை வருகிற வாரம் இதே மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.