நூற்றுப் பன்னிரண்டு, ஆறுமுகம்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மழை வருகிற மாதிரி பாசாங்கு மட்டும். காயப்போட்ட துணியில் பாதி பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தது.

சித்தூரிலிருந்து பாலக்காடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. ஆபீஸ் போனதும் மீட்டிங். பால் சங்கங்களுக்கு நாங்கள் செய்து கொடுத்த சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வெள்ளிக்கிழமை ஏறுகிறது. முதலில் மூன்று சங்கங்களில் மட்டும். எங்கள் ஊர்ச் சங்கமும் அதில் ஒன்று. நானேதான் கை தூக்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

மீதி வேலை:
– பெயர் கூப்பிடும் ஸ்பீக்கர், குரல் டெஸ்ட்
– பழைய பதிவு எல்லாம் புதியதற்கு
– சங்கத்து செக்ரட்டரி கனகராஜண்ணனுக்குப் பயிற்சி
– இறந்தவர் பட்டியல்

கடைசி வேலைதான் உறுத்துகிறது. எங்கள் சங்கத்தில் ஆள் போய்விட்டால் உறுப்பினர் எண்ணை யாரும் மாற்றுவதில்லை. பெண்டாட்டியோ மகனோ அதே பெயரில் பால் ஊற்றுவார்கள். கேனை வரிசையில் வைத்துவிட்டு ஷெட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கனகராஜண்ணன் திரையைப் பார்த்துக் கூப்பிடுவார். “நூத்திப் பன்னண்டு, ஆறுமுகம்!” அம்மா எழுந்து போவாள்.

அப்பா போய் ஒன்பது மாதம். தினமும் காலை ஆறரைக்கு ஒருவர் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார். வேறு யாரும் சொல்வதில்லை. வீட்டில் நானும் சொல்வதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தலைவலி. மத்தியானம் தயிர் சோறு, அதுவும் பாதி.

எங்கள் டீம் லீடர் ஸ்ரீஜித் சார் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். “மரிச்சவருடெ லிஸ்ட் ரெடியாயோ?” புதுப் பதிப்பில் எண் உயிரோடு இருப்பவர் பெயரில்தான் இருக்க வேண்டும். மேலிடத்து விதி.

முப்பத்தொரு பேர். பாதிப் பேர் முகம் தெரியும். ஒருவர் எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பதினேழாவது வரியில் அப்பா.

112-ஐ மட்டும் தொடாதே என்று புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். ஓட்டினேன். வேலை செய்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை, ஏனென்றால் டெஸ்ட் செய்வதும் நான்தான். வேலிக்கு ஓணான் சாட்சி. ஆனால் மற்ற முப்பது வீட்டுக்கும் யார் வரி எழுதுவது? அழித்துவிட்டேன்.

பழைய பெயரையும் சேர்த்துக் கூப்பிட வைக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். “அது அடுத்த வெர்ஷனில் நோக்காம். இதொண்ணும் இமோஷனல் ஆக்கண்ட, கேட்டோ.” அடுத்ததில் பார்க்கலாம், இதற்கெல்லாம் உருகாதே என்று சொல்லிவிட்டு அவரே டீ வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். கெட்டவர் இல்லை. அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை.

ஜூலை 9, புதன்

வீட்டிலிருந்து வேலை. கேஸ் தீர்ந்தது. புளி வாங்க வேண்டும்.

பெயர் மாற்ற அம்மாவின் கைநாட்டு வேண்டும். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். படிவத்தை நீட்டினேன்.

“என்னத்துக்கு அம்மிணி?”

“நம்பர் உம் பேருக்கு மாறுதும்மா.”

“ரேசன் கார்டுல என்னமோ ஒண்ணு இருக்குமே, அதயே எழுதிக்க.”

‘தெய்வானை’ என்று எழுதினேன். எழுதும்போது வேறு யாருக்கோ நிரப்புகிற மாதிரி இருந்தது. பிறந்த வீட்டில் அவள் பாப்பா. இங்கே வந்தபின் ஆறுமுகத்தூட்டுக்காரி. அப்பாவுக்கு “ஏ புள்ள”. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கட்டைவிரலைச் சேலையில் துடைத்தபடி கேட்டாள். “மாறுனா பாலு ஊத்த உடுவாங்கல்ல?”

“உடுவாங்கம்மா.”

“அப்பறமென்ன.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து அப்பா பெயரைக் கூப்பிட மாட்டார்கள் என்று ஒரே ஒரு வாக்கியம். வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் மேனுவல் எழுதுகிறவள், பெற்றவளிடம் சொல்லத் துப்பில்லை. கோழை.

ஜூலை 10, வியாழன்

சாரல், அரைமணி நேரம். சங்கத்தில் பயிற்சி.

கனகராஜண்ணன் மவுஸைப் பாம்பைத் தொடுகிற மாதிரி தொடுகிறார். பழைய பதிப்பில் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார்.

“ஏனுங்க அம்மிணி, அப்ப இனி நான் கூப்புட வேண்டாங்களா?”

“வேண்டாங்ண்ணா. ஸ்பீக்கரே கூப்புடும். மூணு வாட்டி. ஆள் வரலீன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்.”

நம்பரை விட்டுவிட்டு வெறும் பெயர் மட்டும் கூப்பிடும் என்றதும் தலையாட்டினார். மரியாதையாக இருக்கும் என்று மீட்டிங்கில் சொன்னதும் நான்தான்.

பழைய மைக்கைக் கையில் எடுத்தார். “உங்கப்பாவ நெதமும் கூப்புட்டுட்டுத்தானுங்க இருந்தன். ஆளு இல்லீன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனாலும் கூப்புட்டா ஒரு இதுங்க.” மைக்கின் ஒயரைச் சுருட்டி டப்பாவில் வைத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டனை அழுத்தினேன். முப்பத்தொரு பெயரும் மாறிவிட்டது. பிழை இல்லை. “சூப்பர்!” என்று சார் மெசேஜ்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பா இறந்த அன்றுகூட இப்படி அழவில்லை. அன்று வந்தவர்களுக்குக் காப்பி போட ஆள் இல்லாமல் நான் அடுப்படியில் இருந்தேன்.

அம்மாவிடம் இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில், காற்று இரண்டும். ஆறேகாலுக்கு அம்மா கேனோடு போனாள். லேப்டாப்பில் சங்கத்துத் திரையைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன்.

110 – ஊற்றியாயிற்று.
111 – ஊற்றியாயிற்று.
112 – அழைப்பு 1. அழைப்பு 2. அழைப்பு 3. வரவில்லை.
113 – ஊற்றியாயிற்று.

கோபித்துக்கொண்டாள், வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை என்றே நினைத்தேன். கனகராஜண்ணனுக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

எட்டு மணிக்குத்தான் வந்தாள். கேன் நிறையப் பால். வாசலிலேயே ஆரம்பித்தேன், “அம்மா, நான் முன்னாலயே சொல்லியிருக்கோணும், எம்மேல கோவமா?”

“கோவமா? உம்மேல என்னத்துக்கு அம்மிணி? உங்கப்பா பேரு இன்னிக்கு வரவேயில்ல. வரும் வரும்னு உக்காந்திருந்தன். அதுக்குள்ள வண்டி வந்து பாலேத்தீட்டுப் போயிருச்சு. கனகராசு அந்தப் பொட்டியவே பாத்துட்டிருந்தான், தல நிமுரல.”

கேனை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னையாட்டமே இன்னொருத்தியும் ஏமாந்துட்டா. ஆரோ தெய்வானையாமா. மூணு வாட்டி கூப்புட்டுது. எந்த ஊட்டுக்காரின்னு நானும் திரும்பித் திரும்பிப் பாத்தன், எந்திரிக்கவேயில்ல. பாவம், அவ பாலும் வீணாத்தான் போயிருக்கும்.”