வீட்டுவரி குறைந்த வருஷம்

12 பிப்ரவரி 1962
சந்தைக் குத்தகை இந்த வருஷம் நல்ல ஏலத்துக்குப் போனதாம். செலவெல்லாம் போகப் பஞ்சாயத்தில் நிறையவே மிச்சம். பிரசிடெண்டைக் கட்டியவள் நான். ஆனால் எனக்குச் சொன்னது பால் கறக்க வரும் ராமாயி. அவளுக்குச் சொன்னது பிரசவ நர்சு இன்பமேரி. இன்பமேரிக்குச் சொன்னது என் வீட்டுக்காரர்!

14 பிப்ரவரி
கேட்டேவிட்டேன்.

"அந்தம்மா கேட்டுச்சு, சொன்னேன். ஊருக்குப் பிரசவ அறை ஒண்ணு கட்டலாம்னு யோசனை சொல்லுது" என்றார்.

எட்டாவது படித்தவள் நான். என்னிடம் என்றைக்காவது யோசனை கேட்டதுண்டா?

18 பிப்ரவரி
இன்பமேரி வீட்டுக்கே வந்தாள். சேலத்துக்காரி. வெள்ளைப் புடவை, கழுத்தில் சிலுவை. மோர் கொடுத்தேன்.

"நாமக்கல்லுக்கு வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள தாயும் பிள்ளையும் தவிச்சுப் போயிடுதுங்க அக்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் எதற்கு? அவள் சொன்னால்தான் தலையாட்டுகிறாரே. அவளோடு பேசும்போது சிரிக்கிற சிரிப்பை என்னிடம் சிரித்து எத்தனை வருஷம்? தப்பு ஒன்றும் இல்லை. தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது.

21 பிப்ரவரி
என் கூடப்பிறந்த அர்த்தநாரி அண்ணனும் பஞ்சாயத்து மெம்பர்தான். வரவழைத்துச் சொன்னேன்: "மிச்சம் ஊர்ப் பணமுங்கண்ணா. ஊராளுங்களுக்கே திரும்பிப் போகோணும். அறை கட்டினா பிள்ளை பெறுறவளுக்கு மட்டுந்தான். வீட்டுவரியைக் குறைச்சா ஊரே வாழ்த்தும்."

"நீ சொல்றது சரிதான் சாமி" என்றார்.

1 மார்ச்
பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அண்ணன் பக்கம் ஜெயித்தது. இவர் சாப்பிடவில்லை. நான் நன்றாகவே சாப்பிட்டேன்.

20 ஏப்ரல்
வரி குறைந்தது. அதிகம் குறைந்தது எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும். பெரிய வீடுகள் அல்லவா.

ராமாயியைக் கேட்டேன். "எங்க குடிசைக்கு என்னத்தைங்க குறையும்? வெத்தலைக்கு ஆகுமுங்க" என்று சிரித்தாள். அவளுக்கு இது ஆறாம் மாசம்.

9 ஜூலை
ராமாயிக்கு வண்டியிலேயே பிரசவம். பெண். மூச்சில்லை.

கூடப் போன இன்பமேரி ராமாயியை மட்டும் பிழைக்க வைத்துக் கூட்டி வந்தாள்.

அறை இருந்திருந்தால்? இருந்தும் இப்படியே ஆகியிருக்கலாம். ஆகியிருக்குமா? யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை — கேட்டுத் தொலைத்தால்தான் என்ன!

11 ஜூலை
இவரிடம் சொன்னேன்: "நம்ம மேற்கு அறையில கிடக்கிற பருத்தி மூட்டையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"உங்க இன்பமேரிக்கு. பிள்ளைப்பேறு பாக்க."

'உங்க' என்று வந்துவிட்டது. அவர் ஆளைக் கூப்பிடப் போனார்.

2 செப்டம்பர்
மேற்கு அறையில் முதல் பிரசவம். வண்டிக்கார ஆண்டியின் பெண்சாதிக்கு. வெந்நீர் வைத்தது நான். துடைத்த பிள்ளையை இன்பமேரி என் கையில்தான் கொடுத்தாள்.

வெளியே எடுத்து வந்தேன். வாசலில் இவர். "என்ன குழந்தைங்கம்மா?" என்று எனக்குப் பின்னால் வந்த இன்பமேரியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன், "பையன்."