திருப்பிக் கட்டிய பூ

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோதே நான் அதிகம் பேசியவள் இல்லை. பேச்சு உன்னுடையது, தலையாட்டல் என்னுடையது. பதில் சொல்ல நீ இல்லாத காலம் பார்த்து இப்போது வந்திருக்கிறேன். "இருக்கும்போது வாயத் தெறக்கல, இப்ப வந்துட்டா பாரு" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. சொல்லிக்கொள்.

இன்று காலை அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்ததும், பழைய பாஸ்வேர்டின் காலம் முடிந்துவிட்டது, புதியதை வை என்று கேட்டது. தேனியில் நான் வேலை பார்ப்பது ஓர் ஏலக்காய் வியாபாரியின் அலுவலகம். குளித்துவிட்டுப் படுத்தாலும் தலைமுடியில் ஏலக்காய் மணக்கும். பக்கத்து மேசை அக்கா தன் மகன் பெயரையே பாஸ்வேர்டாக வைத்து, அதையும் மறந்துவிடாமலிருக்க ஒரு தாளில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். நான் கையை வைத்தேன். கை என்னைக் கேட்காமல் நம் ஊரிலிருந்து புறப்பட்டுவிட்டது. கம்பம், உத்தமபாளையம் தாண்டிச் சின்னமனூர் வந்த பிறகுதான் நிறுத்த முடிந்தது. கட்டத்துக்குள் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். நீயாக இருந்தால் புள்ளி என்று சொல்ல மாட்டாய். பூ என்பாய்.

கல்லூரி முதல் வருடம், அந்தக் கம்ப்யூட்டர் அறை நினைவிருக்கிறதா? காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் கம்பம் வந்து, அங்கே தேனி பஸ்ஸுக்கு முண்டியடித்து, கசங்கிய துப்பட்டாவோடு போய் உட்காருவோம். உன் வீட்டிலும் என் வீட்டிலும் நமக்கு முன்னால் கல்லூரிப் படியை மிதித்தவர்கள் கிடையாது. உதவித்தொகைக்கு ஆளுக்கொரு மெயில் வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். நீ பாஸ்வேர்டை அடித்தாய். திரையில் நட்சத்திரம் நட்சத்திரமாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாய். மறுபடியும் அதே. கையைத் தூக்கிவிட்டாய்.

"மிஸ், இந்தக் கம்ப்யூட்டரு ரிப்பேரு. எழுத்த அடிச்சா பூப்பூவா வருது."

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் திரையிலும் பூதான் வந்திருந்தது. நான் கையைத் தூக்காமல் விழித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்வேர்டாக வைக்கக் கூடாது, எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார் மிஸ். நீ என் பக்கம் சாய்ந்தாய். "பேரும் தேதியும் போச்சுன்னா நம்மகிட்ட வேற என்னடி இருக்கு?"

"பஸ்ஸு இருக்கு" என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே கெட்டிக்காரத்தனமான வாக்கியம் அதுதான் என்று நீ கடைசிவரை சொல்லிக் காட்டினாய். கம்பம் பஸ் நிலையத்தில் கண்டக்டர் கூவும் ஊர்களை அப்படியே எடுத்துக்கொண்டோம். நம் ஊர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. ஒவ்வொன்றுக்கும் முதல் ஆங்கில எழுத்து. நடுவில் ஓர் எண். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் நீயே வைவாய். அப்போது உன்னிடம் போன் இல்லை. உன் மெயிலுக்கும் என் போன் நம்பரைத்தான் கொடுத்தோம். "என் வீட்டுக் கதவுக்கு உன் வீட்டுல ஒரு சாவி" என்றாய்.

அன்றிலிருந்து நமக்குள் பாஸ்வேர்ட் என்ற சொல் கிடையாது, பூதான். ஒருநாள் பஸ்ஸில் "பூ மறந்துருச்சுடி" என்று நீ கத்த, முன் சீட்டிலிருந்த ஒரு பெண் தன் கொண்டையிலிருந்து பாதிச் சரத்தைப் பிய்த்து நீட்டினாள். "இதுக்குப் போயி ஏன் ஆத்தா மொகத்தத் தொங்கப்போடுற? இந்தா, வச்சுக்க." வாங்கி வைத்துக்கொண்டு, வீரபாண்டி வரை சிரிப்பை அடக்கி, உனக்கு விக்கல் வந்துவிட்டது.

இதையெல்லாம் இனிப்பாக நினைத்துக்கொண்டு நிறுத்திவிடத்தான் ஆசை. முடியவில்லை.

படிப்பு முடிந்த கையோடு உன்னை ஜெயமங்கலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வாழைத் தோட்டம், மாடி வீடு, ஒரே மகன். உன் வீட்டுக்காரர் உனக்குப் புதுப் போன் வாங்கித் தந்தார். வாங்கித் தந்த அன்றே அதைத் திறக்கும் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நீ எண்ணை மாற்றினால், நீ அடிக்கும்போது தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். "புருசன் பொண்டாட்டிக்குள்ள பூட்டு எதுக்கு?" என்று உன் மாமியார் கேட்டார். மகன் போனுக்குப் பூட்டு இருந்ததை அவர் கேட்கவில்லை. நீ விரல் ரேகைக்கு மாறினாய். பாப்பா பிறந்த புதிதில், பகலில் அதற்குப் பால் கொடுத்தபடி நீ கண்ணயர்ந்திருந்தபோது, உன் விரலை எடுத்து போனில் அழுத்திப் பார்த்திருக்கிறார். நீ விழித்துப் பார்த்தபோது விரல் அவர் கையில் இருந்ததாம். இதை நீ என்னிடம் சொன்னபோது அழவில்லை. "என் வெரலுடி அது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

அதன் பிறகு விரலை எடுத்துவிட்டு எழுத்துக்குத் திரும்பினாய். போனுக்கும் மெயிலுக்கும் ஒரே பூ. அதைச் சொல்லத்தான் ஒரு மத்தியானம் கூப்பிட்டாய். பக்கத்தில் உன் மாமியார் இருந்தார்.

"பூவத் திருப்பிக் கட்டிட்டேன்டி."

"எந்தப் பூவ?" என்ற குரல் உனக்குப் பின்னால் கேட்டது.

"மல்லியப்பூ அத்தே. அவுந்துபோச்சு."

நான் சிரித்துக்கொண்டே "சரி" என்றேன். திரும்பவும் நம் பழைய பாஸ்வேர்டையே வைத்துவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அந்த வீட்டில் நீ அதிகமாகக் கேட்ட ஒன்று, அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்பது. வீரபாண்டித் திருவிழாவுக்குக் கேட்டாய், விருந்தாளி வருகிறார்கள் என்றார்கள். பாப்பாவுக்கு மொட்டை போடக் கேட்டாய், இங்கேயே போடலாம் என்றார்கள். அந்தக் காய்ச்சல் வந்தபோது நான் கூப்பிட்டேன். நீ பேச முடியாமல் போனை மாமியாரிடம் கொடுத்தாய். "லேசான சூடுதேன். அம்மா வீட்டுக்குப் போகணும்னா உன் சேக்காளிக்கு ஒடம்பு கொதிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உனக்கு நினைவே இல்லை. இன்னும் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம். அதற்கு அவர்கள் சொன்ன பதிலும் உன்னைப் பற்றித்தான். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள், நாங்கள் எதை நம்புவது என்றார்களாம்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் நாத்தனார் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாசத்தைப் பாரு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். வாய் திறக்காதவர்களுக்குக் கண் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருக்கும். அவள் முந்தானைக்குள் உன் போன் இருந்தது. உன் பெருவிரலைத் துடைத்து அழுத்தினாள். ஆள்காட்டி விரலையும் அழுத்திப் பார்த்தாள். திறக்கவில்லை. விரல்களை நீ எப்போதோ எடுத்துவிட்டிருந்தாய். அவ்வளவு கூட்டத்தில் எனக்கு அழுகை நின்றது அந்த இடத்தில்தான். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். செத்தவளுக்காக அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

கருமாதி அன்று, சாப்பிட்டு முடித்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, உன் வீட்டுக்காரர் அந்தப் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீதான அவளுக்குக் கூட்டாளி. தெறந்து குடும்மா. பாப்பா படமெல்லாம் இதுல கெடக்கு."

உன் அம்மா என்னைப் பார்த்தாக. அவுக முகத்தைப் பார்த்துத்தான் போனைக் கையில் எடுத்தேன். நம் ஊரிலிருந்து புறப்பட்டுத் தேனி வரை அடித்தேன். தவறு என்றது. எழுத்து பிசகியிருக்கும் என்று இன்னொரு முறை நிதானமாக அடித்தேன். தவறு.

"உங்கிட்டயும் மறைச்சுட்டாளா?" என்றார் உன் மாமியார். குரலில் ஒரு நிம்மதி. "அப்ப உள்ள என்னமோ இருக்கு."

"தெரியலைங்க" என்றேன். அது உண்மை. உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

உன் அம்மாவோடு திரும்பினேன். ஜெயமங்கலத்திலிருந்து தேனி வந்து, கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் படியில் நின்று கூவினார். "வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்." கேட்டுக் கேட்டுப் புளித்த குரல். அன்றுதான் அது எனக்குக் கேட்டது. காலையில் கல்லூரிக்குப் போகும்போது ஒரு வரிசை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அதே ஊர்கள், மறுதலையாக. திருப்பிக் கட்டிவிட்டேன் என்றாயே. நான் அதை 'மறுபடியும்' என்று எடுத்துக்கொண்டேன். நீ சொன்னது தலைகீழாக என்று. ஜெயமங்கலத்தில் தொடங்கி, தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கடைசியில் நம் ஊர்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைத் திறந்திருப்பாய். ஒவ்வொரு தடவையும் அவர்கள் கண் முன்னாலேயே வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறாய். ஒவ்வொரு ஊராக வந்து, உன் அம்மா வாசலில் இறங்கியிருக்கிறாய். அவர்கள் பார்த்ததெல்லாம் பூ.

பஸ் வீரபாண்டி தாண்டியது. உன் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாக. நான் சொல்லவில்லை. இறங்கித் திரும்பிப் போகவும் இல்லை.

அந்தப் போனை உன் வீட்டுக்காரர் ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருக்கிறார். பாப்பா படம் வேண்டும் என்றவர்தான். உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாவிட்டால், உள்ளே எதுவும் இருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது போல. தங்கைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாராம். அழித்து முடித்த போன், முன்பு இதில் இருந்த மெயிலின் பாஸ்வேர்டைச் சொன்னால்தான் வேலை செய்வேன் என்று நின்றுவிட்டது. என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"செங்கல்லு மாதிரி கெடக்கும்மா. உனக்கு அது தெரிஞ்சிருக்கும்."

"தெரியாதுண்ணே."

"செத்துப்போனவளுக்கு இன்னும் என்ன ரகசியம்?"

"தெரியாதுண்ணே."

முன்பு சொன்னபோது அது உண்மை. இப்போது பொய். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேன். கூச்சமுள்ள பெண் பொய் சொல்வாள் என்று யாரும் நினைப்பதில்லை. போகும்போது, "படிச்ச பிள்ளைகளே இப்படித்தேன்" என்றார். ஏலக்காய் மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்குள் நீ சிரித்தாய்.

ஆனால் உன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து, கையில் மருந்து வாடை போகாமல் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாக. பாப்பாவை அவர்கள் காட்டுவதில்லை. உன் ஒரு படம் மாலை போட்டு மாட்டியிருக்கிறது, அது கல்யாணத்தில் எடுத்தது, அதில் நீ உன்னைப் போலவே இல்லை.

"ஆத்தா, அழிச்சாலும் அது எங்கனயோ இருக்குமாம்ல? பக்கத்து வீட்டுப் பிள்ள சொல்லுச்சு. அதுல அவ பேசுனது இருக்குமா? என்னய ஒருக்கா அம்மான்னு கூப்புடணும். அம்புட்டுத்தேன்."

இருக்கும். போனில் இடமில்லை, எல்லாவற்றையும் மெயில் கணக்கில் ஏற்றி வைத்திருக்கிறேன் என்று நீதான் சொன்னாய். பாப்பா தவழ்ந்தது, நீ அதட்டியது, பாடியது எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆனால் அங்கே அது மட்டும் இருக்காது. அந்தக் காய்ச்சல் நாட்களில், யாரும் நம்பாதபோது, நீ அந்தப் போனிடம் எதையெல்லாம் கேட்டாய் என்பதும் இருக்கும்.  அதைப் பார்த்த பிறகு நான் எப்படி ஜெயமங்கலம் என்ற பெயரைச் சொல்வேன், எப்படி அவர்களுக்கு அண்ணே என்றும் அத்தை என்றும் பதில் சொல்வேன்?

இன்று அலுவலகத்தில் எனக்குப் புதிய பாஸ்வேர்ட் ஒன்றை வைத்துவிட்டேன். அர்த்தமில்லாத எழுத்துகள், மறந்துவிடுவேன், கவலையில்லை. பிறகு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், உன் மெயில் முகவரியை அடித்து, அதன் கீழே திருப்பிக் கட்டிய பூவை அடித்தேன். ஜெயமங்கலத்தில் ஏறி நம் ஊரில் இறங்கினேன். திறந்தது. ஆனால் இன்னொரு கதவு. உன் நம்பருக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதை அடி என்றது. உன் நம்பர் என்று அது சொன்னது என் நம்பரைத்தான். மேசையில் கிடந்த என் போன் அதிர்ந்தது. எண் வந்துவிட்டது.

நான் அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அதன் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி கேட்டால் மறுபடி வரும்.

உன் எண்ணைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். உன் விரலைத் தூக்கத்தில் எடுத்தார்கள், செத்த பிறகும் எடுத்தார்கள். உன் காய்ச்சலைக்கூட உன்னுடையது என்று விடவில்லை. சாவி என்னிடம் இருக்கிறது என்பதற்காக நானும் அப்படி நுழைந்துவிடக் கூடாது. இத்தனை பக்கம் எழுதியது இதைக் கேட்கத்தான். உன் அம்மாவுக்காக உன் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன். பாப்பாவுக்கும் ஒருநாள் அது வேண்டியிருக்கும். மற்றதைத் தொட மாட்டேன். கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

உள்ளே வரட்டுமாடி?