ஜெசிந்தா அக்காவின் முதல் வரைபடம்

செவ்வாய், இரவு.

இன்று மன்னாரில் விஞ்ஞானிகளுக்கு நிரலெழுதச் சொல்லிக்கொடுத்தேன். ஜெசிந்தா அக்கா மட்டும் கணினியைத் தொடவில்லை. சிலாவத்துறைக் கிணற்று நீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று திணிவு நிறமாலைமானி என்ற கருவியில் பார்ப்பவர் அவர். அந்தத் தண்ணீரைக் குடிக்க ஊரே பயந்திருக்கிறது.

"ஏன் அக்கா?"

"இந்தத் தரவெல்லாம் அவர்தான் கொம்பியூட்டரில பாத்துத் தாறவர். நான் பழகினால், அவர் இல்லாமலும் சரிவரும் எண்டு ஆகிடுமே."

அக்காவின் கணவர் போன வருடம் இறந்தவர். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

கடைசியில் அவராகவே நிரலைத் தட்டினார். பிழை காட்டியது. திருத்தினார். வரைபடம் வந்தது. பூச்சிமருந்து இருந்தால் சிகரம் எழ வேண்டிய இடத்தில் கோடு தட்டையாகக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, தண்ணி நல்லது!" என்று, கணவரைக் கூப்பிடும் குரலிலேயே என் பக்கம் திரும்பினார்.

"ஓம்," என்றேன்.